‘ஸ்லம்டாக் மில்லியனர்’ எனக்கு ஏன் ஒட்டவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2009-லிருந்து இதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில், தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் பழைய நண்பன் யாரையாவது பார்த்துவிட்டால். ஒருமுறை வாய்விட்டுச் சொன்னது இன்றுவரை கூடவே வருகிறது. நின்றுகொண்டே அரைகுறையாகப் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். இங்கே உட்கார்ந்து முழுசாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எந்தப் படம், என்ன விருது? இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாதே.

2008-ல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’. விகாஸ் ஸ்வரூப் எழுதிய நாவலை வைத்து பிரிட்டிஷ் இயக்குநர் டேனி பாயில் எடுத்தது. மும்பைக் குடிசைப் பகுதியில் வளர்ந்த ஜமால் என்ற பையன் டிவியில் கோடீஸ்வரன் போட்டியில் வரிசையாகச் சரியான பதில் சொல்கிறான். ஏமாற்றுகிறான் என்று போலீஸ் பிடித்துப்போய் அடிக்கிறது. ஒவ்வொரு பதிலும் தனக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் சொல்வதுதான் கதை.

2009 பிப்ரவரி 22 அன்று நடந்த 81-ஆவது ஆஸ்கர் விழாவில் 10 பரிந்துரைகள், 8 விருதுகள். சிறந்த படம், சிறந்த இயக்குநர் எல்லாம் அதில் அடக்கம். ஏ.ஆர்.ரஹ்மானுக்கு இரண்டு: பின்னணி இசைக்கு ஒன்று, ‘ஜெய் ஹோ’ பாட்டுக்கு ஒன்று. பாட்டு விருதில் அதை எழுதிய குல்சாருக்கும் பங்கு. அடுத்த வருடம் இரண்டு கிராமி விருதும் வந்து சேர்ந்தது.

நிஜமாகவே பிடிக்கவில்லையா, இல்லை ஊரோடு ஒத்துப்போகக் கூடாது என்று சொல்கிறீர்களா?

நிஜமாகவே. மோசமான படம் என்று நான் சொன்னதே இல்லை. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. குட்டிப் பையன்களாக நடித்த குழந்தைகள் அவ்வளவு உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் வெளியே வந்தபின் எதுவும் கூட வரவில்லை. ஆர்ச்சர்ட் சாலையில் சனிக்கிழமை மாலைக் காட்சி. அங்கிருந்து ஐந்து பேர் சையது ஆல்வி சாலைக்குப் போய் பரோட்டா சொன்னோம். தே தாரிக் (ஆற்றிய பால் டீ) வருவதற்குள் பேச்சு கார் நிறுத்தும் கட்டணத்துக்குப் போய்விட்டது. நான்தான் நடுவில் கேட்டேன், “படம் எப்படி?” என்று. எல்லாரும் “சூப்பர்” என்றார்கள். அப்புறம் மறுபடியும் கார்தான். என் கூட்டாளி ஒருவன் மட்டும், “என்னடா, நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?” என்று கேட்டான். அன்றைக்குச் சொன்னதுதான்: “எனக்கு ஒட்டலைடா.”

எதிர்பார்ப்பு அதிகமாக வைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். அதனால்தானே?

கொஞ்சம் உண்மைதான். எல்லாரும் புகழ்ந்த பிறகு பார்க்கிற படத்தை நாம் சும்மா பார்ப்பதில்லை, சரிபார்க்கிறோம். இதோ வருகிறது, இதோ வருகிறது என்று காத்திருந்தே பாதிப் படம் போய்விடும்.

ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. பல வருடம் கழித்து, ஒரு எதிர்பார்ப்பும் இல்லாமல், வீட்டில் தனியாக மறுபடி பார்த்தேன். அதே இடங்களில்தான் மனம் விலகியது.

எந்த இடங்கள்? ஒன்றைச் சொல்லுங்கள்.

கலவரக் காட்சி. இதை விவரமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், என் மனக்குறை முழுக்க இதற்குள் இருக்கிறது.

பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளைகள் தண்ணீரில் விளையாடுகிறார்கள். கும்பல் வருகிறது. ஜமாலின் அம்மாவை அடித்துக் கொல்கிறார்கள். ஜமாலும் அண்ணனும் ஓடுகிறார்கள். ஓடும் வழியில் நீல வண்ணம் பூசி, ராமர் வேடமிட்ட ஒரு சிறுவன் கையில் வில்லும் அம்புமாக நிற்கிறான். இங்கிருந்து நேராகப் போட்டி மேடைக்கு: ராமர் வலது கையில் என்ன வைத்திருப்பார் என்பது கேள்வி. வில்லும் அம்பும் என்கிறான் ஜமால். பணம் ஏறுகிறது.

படம் முழுக்க இதுதான் ஏற்பாடு. அந்தப் பையன் பட்ட ஒவ்வொரு அடியும் ஒரு சரியான விடையாக மாறிக்கொண்டே போகிறது. அம்மா செத்த துக்கத்துக்கு அரை நிமிடம்கூட இல்லை, அடுத்த கேள்வி வந்துவிட்டது. முதல் காட்சியிலேயே இவன் எப்படி ஜெயித்தான் என்று நான்கு விடைகளைத் திரையில் கொடுத்து, கடைசியில் ‘விதி’ என்ற விடையைக் காட்டி முடிக்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் கோபமே வந்தது. ஒரு தாயின் சாவை விதி என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியவில்லை.

இன்னொன்று. 1992-93 மும்பைக் கலவரத்துக்கு ரஹ்மான் ஏற்கெனவே ஒருமுறை இசை அமைத்திருக்கிறார். மணிரத்னத்தின் ‘பம்பாய்’, 1995. அதே இசையமைப்பாளர், அதே ஊர், அதே ரணம். எங்கள் வீட்டுக்குப் படத்துக்கு முன்னால் கேசட்தான் வந்தது. டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு கடையில் அப்பா வாங்கினார். நாடா சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்வேன். அதில் பாட்டே இல்லாத அந்தத் தீம் இசை வரும்போது அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நிற்பார். நவீன் குமாரின் புல்லாங்குழல் மெதுவாக ஆரம்பித்து, பின்னால் வயலின்கள் வந்து தாங்கிக்கொள்ளும். யாரோ அழுது முடித்துவிட்டு மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். அந்தப் படம் என்ன கதை என்றுகூட எங்களுக்கு அப்போது தெரியாது.

இங்கே தியேட்டரில் பார்க்கக் கிடைக்கவில்லை. லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது திருநெல்வேலியில் பார்த்தோம். இரட்டைப் பையன்கள் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி என்ன மதம் என்று கேட்கிற காட்சி. படம் விட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையைப் பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

அந்தக் கை எனக்கு 2009-லும் ஞாபகம் வந்தது. ‘ஸ்லம்டாக்’ கலவரக் காட்சியில் இசை பையன்களோடு சேர்ந்து ஓடுகிறது. தாளம், இரைச்சல், வேகம். காட்சிக்குப் பொருத்தம்தான், நன்றாகவும் செய்திருக்கிறார். ஆனால் யாருக்காகவும் அது நிற்கவில்லை.

அப்படியானால் உங்களுக்கு ரஹ்மானைப் பிடிக்காது. நீங்கள் ராஜா கட்சி.

இந்தக் கட்சிப் பேச்சு எனக்கு ஆகாது. ‘ரோஜா’ வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. என் காது திறந்ததே அவரால்தான். அவரைப் பிடிக்காதவனாக இருந்தால் அந்த விருது எனக்கு ஒரு செய்தியாகப் போயிருக்கும். பிடித்தவனாக இருப்பதால்தான் இத்தனை வருடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ராஜாவைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அதே 2009 பிப்ரவரியில்தான் பாலாவின் ‘நான் கடவுள்’ வந்தது. பிள்ளைகளை ஊனமாக்கிப் பிச்சை எடுக்க விடும் கும்பல் ‘ஸ்லம்டாக்’கிலும் வருகிறது, அதுதான் பாலா படத்தின் களமே. ‘பிச்சைப்பாத்திரம்’ பாட்டை அந்த மனிதர்கள் நடுவில் வைத்துக் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். அந்த வரிகளையும் இளையராஜாவே எழுதினார். அந்தப் படமும் எளிதான படமில்லை, எனக்கு அதிலும் சண்டை உண்டு. ஆனால் அந்த மனிதர்களை விட்டு அது அவசரமாக ஓடவில்லை.

‘ஜெய் ஹோ’வில் என்ன குறை கண்டீர்கள்? உலகமே ஆடியதே.

ஆடத்தான் செய்யும். சுக்விந்தர் சிங்கின் குரல் மைதானத்துக்கு அப்பால் நிற்பவனையும் கூப்பிடுகிற குரல். நடுவில் தன்வி ஷா பாடும் ஸ்பானிஷ் வரிகள் வந்து பாட்டை வேறு பக்கம் திருப்பிவிடும். தாளம் நம்மைக் கேட்காமலே காலை எடுத்துவைக்கும்.

என் குறை, அது வருகிற இடம். கதை முடிந்து, காதலர்கள் சேர்ந்து, பெயர்கள் ஓடுகிற நேரத்தில், ரயில் நிலைய நடைமேடையில் எல்லாரும் சேர்ந்து ஆடுகிறார்கள். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் கதையில் ஒரு நூல்கூட அறுந்துபோகாது. நம் படங்களில் பாட்டு இடறுகிற சமயமும் உண்டு, ஆனால் நல்ல பாட்டு என்றால் அது கதைக்குள் ஒரு கதவைத் திறந்திருக்கும். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் ‘விடை கொடு எங்கள் நாடே’ வருமே, எம்.எஸ்.விஸ்வநாதனின் முதிர்ந்த குரலில். ஊரைவிட்டுக் கிளம்புகிற ஜனங்கள் எதை எதை விட்டுப்போகிறார்கள் என்று அந்தக் குரலே சொல்லிவிடும். அதைக் கேட்டவனுக்கு ‘ஜெய் ஹோ’ ஒரு நல்ல ஆட்டப் பாட்டு. அதற்குமேல் என்னால் போக முடியவில்லை.

இது ரஹ்மான் மேல் குற்றம் இல்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்திருக்கிறார்.

அப்போ அந்த ஆல்பத்தில் ஒன்றுமே தேறாதா?

தேறும். ‘ஓ சாயா’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். குடிசைச் சந்துகளில் பையன்களைப் போலீஸ் துரத்தும் காட்சியில் வருவது. ரஹ்மானும் எம்.ஐ.ஏ.வும் சேர்ந்து செய்தது. எம்.ஐ.ஏ. என்றால் மாதங்கி அருள்பிரகாசம், லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுபிள்ளையாக இருந்த இலங்கைத் தமிழர். சென்னைக்காரர் ஒருவரும் அவரும் சேர்ந்து போட்ட பாட்டு ஆஸ்கர் பட்டியலில் இருந்தது என்பதை இங்கே பலபேர் கவனிக்கவே இல்லை. ஜமாலின் காதலி லத்திகாவுக்கான முனகல் இசையும் நன்றாக இருக்கும், இரவில் கேட்கலாம். சித்தார் மெதுவாக ஆரம்பித்துத் தலைதெறிக்க ஓடுகிற துண்டு ஒன்றும் உண்டு.

ஆஸ்கர் நடுவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?

ஒருவகையில் ஆமாம். நான் பெரிய ஆள் என்பதால் இல்லை, ரஹ்மானை முன்பே கேட்டிருந்தேன் என்பதால்.

அங்கே ஒரு மேசையைச் சுற்றி நடுவர்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதில்லை. இசை விருதுக்கான பரிந்துரையை இசைப் பிரிவு உறுப்பினர்கள் செய்வார்கள். கடைசி ஓட்டு ஆஸ்கரைத் தரும் அகாடமியின் உறுப்பினர்கள் எல்லாருக்கும் உண்டு, அப்போது சுமார் 6,000 பேர். நடிகர், எடிட்டர், தயாரிப்பாளர் எல்லாரும் அதில் அடக்கம். ஒரு படத்தின் மேல் காற்று அடிக்கிற வருடத்தில் எல்லாப் பிரிவிலும் அந்தப் படத்துக்கே ஓட்டு விழுவது சகஜம். அந்த வருடம் பாட்டுக்கு மொத்தமே மூன்று பரிந்துரைகள்தான். அதில் இரண்டு இந்தப் படத்துடையவை, மூன்றாவது ‘வால்-ஈ’ படப் பாட்டு. பின்னணி இசைக்கு மட்டும் போட்டி பலமாக இருந்தது: டேனி எல்ஃப்மன், தாமஸ் நியூமன், ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட், அலெக்ஸாந்த்ர தெப்லா.

அந்த ஓட்டுக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் ரஹ்மானோடு முதல் அறிமுகமாக இருந்திருக்கும். முதல் தடவை கேட்கிறவனுக்கு அது புதுக் காற்றுதான். அவர்கள் கேட்டது பொய் இல்லை. நாங்கள் பதினேழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தியாவின் வறுமையைக் காட்டிக் காசு பார்த்தார்கள் என்பதால் கோபமா?

இல்லை. வறுமையைக் காட்டினால் என்ன? இருப்பதைத்தானே காட்டுகிறார்கள். என் வருத்தம் வேறு, சின்னது. மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியில் தமிழர்கள் ஏராளம், அதிலும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள் நிறைய. என் தாத்தா அந்தப் பக்கத்திலிருந்துதான் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். அதே தெருவிலிருந்து அவருடைய சொந்தத்தில் சிலர் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். யார் கப்பல், யார் ரயில் என்பது அன்றைக்குக் கையில் இருந்த காசைப் பொறுத்தது என்று தாத்தா சொல்வார். அந்தச் சந்துகள் திரையில் வந்தபோது என் காது தானாகத் தமிழைத் தேடியது. ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. பையன்கள் வளர்ந்ததும் இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள், அதுவும் எனக்கு உறுத்தியது.

விருது கிடைத்த அன்றைக்கு உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா?

அழுதுவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன்.

இங்கே அது திங்கட்கிழமை காலை, 23-ஆம் தேதி. தஞ்சோங் பகார் பக்கம் அலுவலகத்தில் இருந்தேன். மதியம் நெருங்கும்போது தங்கச்சி குறுஞ்செய்தி அனுப்பினாள், “ரெண்டும் அண்ணா, ரெண்டும்!” என்று. அப்புறம் ரஹ்மான் மேடையில் “எல்லாப் புகழும் இறைவனுக்கே” என்று தமிழில் சொன்னதைப் பார்த்தேன். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று தமிழ் என்று சட்டத்தில் இருக்கிற ஊரில்தான் நான் வளர்ந்தேன். இருந்தாலும் லிஃப்டில் தமிழ் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. அவர் தாழ்த்தவில்லை.

சந்தோஷம் வேறு, படம் பிடிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போடும்போதுதான் சிக்கல். “நம்ம ஆளு, நாமே குறை சொல்லலாமா?” என்று என் மாமா இன்றைக்கும் கேட்பார். “நம்ம ஆளுங்கிறதாலதான் மாமா சொல்றேன்” என்பேன். அவர் ஒத்துக்கொண்டதில்லை.

மற்ற இனத்து நண்பர்களிடமும் இப்படித்தான் சொன்னீர்களா?

அன்றைக்கே அந்தச் சோதனை வந்தது. எங்கள் பிரிவில் ஒரு சீன அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) ஒன்றை என் மேசையில் வைத்து, ஜெயித்ததே நான்தான் என்பது மாதிரி வாழ்த்துச் சொன்னார். அவரிடம் போய் எனக்குப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நன்றி சொன்னேன். அவர், “இவர் போட்டதில் வேறு என்ன கேட்கலாம்?” என்று கேட்டார். அதற்கு என்னால் முழு மனதோடு பதில் சொல்ல முடிந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு சிடி எழுதினேன். ‘சின்னச் சின்ன ஆசை’, ‘நறுமுகையே’, ‘பம்பாய்’ தீம், ‘வெள்ளைப் பூக்கள்’, ‘விடை கொடு எங்கள் நாடே’, ‘திருடா திருடா’ படத்து ‘ராசாத்தி’. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று ஒரு தாளில் இரண்டிரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதி உறைக்குள் வைத்தேன். ‘ராசாத்தி’க்கு மட்டும் எழுத வரவில்லை. வெறுமனே விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கேட்டார்: “ஆறாவது பாட்டு, வாத்தியமே இல்லாமல் குரல்களாகவே வருகிறதே, அது யாரையோ பிரிகிற பாட்டுத்தானே?” ஷாகுல் ஹமீதின் குரல் அது. ஆமாம் என்றேன். “எனக்குத் தெரிந்தது” என்றார். வேலையை விட்டுப் போகும்வரை அந்த சிடியை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் பிடித்த படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று வீட்டில் எப்படிச் சொல்வது?

படம் முடிந்த உடனே சொல்லாதீர்கள். அடுத்தவர் கண் இன்னும் ஈரமாக இருக்கும். ஒரு நாள் போகட்டும். அப்புறம் மொத்தமாக “நல்லா இல்லை” என்று போட்டு உடைக்காமல், எந்தக் காட்சி, ஏன் என்று சொல்லுங்கள். காட்சியைச் சொன்னால் பேச்சு நடக்கும், தீர்ப்பைச் சொன்னால் சண்டைதான்.

உங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டுப் பிடிக்குமா?

மகளுக்குப் பிடிக்கும். போன வருடம் பள்ளியில் இன நல்லிணக்க நாளுக்கு அவளும் தோழிகளும் ‘ஜெய் ஹோ’வுக்கு ஆடினார்கள். மலாய்ப் பிள்ளை ஒன்று, சீனப் பிள்ளைகள் இரண்டு, இவள். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஒத்திகை. துப்பட்டாவுக்கு ஊக்கு குத்திவிடுவது என் வேலை. “அப்பா, உங்களுக்குப் பிடிக்காதுன்னா மேலே போங்க, முகத்தை அப்படி வச்சுக்கிட்டு நிக்காதீங்க” என்றாள். பிடிக்காமல் நிற்கவில்லை. அந்தச் சீனப் பிள்ளைகள் இரண்டும் “ஆஜா ஆஜா” என்று சரியாகப் பாடுகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘பம்பாய்’ அவள் இன்னும் பார்த்ததில்லை. சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன். பரீட்சை முடியட்டும் என்றாள்.